கிராமத்து இணையம்: கேபிள் பதித்தால் போதுமா?

மாதத்தின் முதல் வாரத்தில் கிராமப்புற வங்கிக் கிளைக்குச் சென்றவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. முதியோர் ஓய்வூதியம் பெற வந்தவர்கள் வரிசையில் காத்திருப்பார்கள். பெட்டகத்தில் பணம் இருக்கும். இருக்கையில் காசாளரும் இருப்பார். ஆனால், "லிங்க் இல்லை" என்ற ஒரு வாக்கியம் அனைத்தையும் நிறுத்திவிடும். எங்கோ சில கிலோமீட்டர் தொலைவில், சாலையை அகலப்படுத்தும் இயந்திரம் ஒரு கேபிளை அறுத்திருக்கும். அதைத் தேடிக் கண்டுபிடித்து இணைக்க வேண்டியவரின் கையில் அன்றைய செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கிராமத்து இணையத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எத்தனை கிலோமீட்டர் கேபிள் பதிக்கப்பட்டது, எத்தனை ஊராட்சிகள் இணைக்கப்பட்டன என்ற கணக்கே முன்வைக்கப்படுகிறது. பதித்த கேபிளை உயிருடன் வைத்திருப்பவரின் வரவு செலவு எவ்வாறு இருக்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. அக்கேள்விக்கு விடை காணாத வரையில் எவ்வளவு முதலீடு செய்தாலும் பயன் முழுமையாகக் கிட்டாது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நாம் கடந்து வந்த பாதையைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். நாட்டின் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கேபிளால் இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011-இல் ஒப்புதல் அளித்தது. அதுவே பின்னர் 'பாரத்நெட்' என்று பெயர் பெற்றது. ஒரு லட்சம் ஊராட்சிகளை இணைக்கும் முதற்கட்டம் 2017 டிசம்பரில் நிறைவடைந்தது. இன்று இரண்டு லட்சத்திற்கும் மேற்பட்ட ஊராட்சிகள் சேவைக்குத் தயாராக உள்ளன என்பது அரசின் கணக்கு. இது சிறிய சாதனையன்று. எனினும், 'சேவைக்குத் தயார்' என்பதற்கும் 'சேவை நடைபெறுகிறது' என்பதற்கும் இடையில் ஒரு நீண்ட தொலைவு இருக்கிறது. அந்தத் தொலைவுதான் தொழில் நடத்துவோரை வதைக்கிறது.

முதல் சிக்கல் புவியியல் சார்ந்தது. நகரத்தில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திற்குள் ஒரே கேபிளைக் கொண்டுசென்றால் நூறு வீடுகளுக்கு இணைப்பு வழங்கலாம். கிராமத்தில் அதே நூறு வீடுகளுக்காக வயல் வரப்புகளையும் ஓடைகளையும் கடந்து பல கிலோமீட்டர் செல்ல வேண்டும். செலவு தூரத்தைப் பொறுத்து ஏறுகிறது. வருமானமோ வீடுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே வருகிறது. சாலைப் பணி, மழை வெள்ளம், மின்தடை ஆகியவற்றால் ஏற்படும் பராமரிப்புச் செலவும் இதனுடன் சேர்கிறது. எலியும் குரங்கும்கூட இத்தொழிலில் செலவுக் கணக்கில் இடம்பெறும். வாரணாசியில் கங்கைக் கரையோரம் தொங்கவிடப்பட்ட கேபிள்களைக் குரங்குகள் கடித்துக் குதறிய செய்தியைச் சில ஆண்டுகளுக்கு முன் நாம் படித்தோம்.

இரண்டாவது சிக்கல் விலை. 2016-க்குப் பிறகு கைப்பேசி வழி இணையத்தின் விலை வெகுவாகக் குறைந்தது. அது மக்களுக்குக் கிடைத்த பெரும் நன்மை. ஆனால், 'இணையம் என்றால் இவ்வளவுதான் விலை' என்ற எண்ணமும் அதனுடன் வேரூன்றிவிட்டது. கிராமத்தில் வீட்டு இணைப்பு வழங்குபவர் அந்த விலையோடு போட்டியிட வேண்டியிருக்கிறது.

இறுதி நிலையில் நின்று சேவை வழங்கும் ஒரு சிறு தொழில்முனைவோரின் நிலையை எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அவர் முன்பு கேபிள் தொலைக்காட்சி நடத்தியவராக இருப்பார். விளக்கத்திற்காக மட்டும் ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அவரிடம் 200 இணைப்புகள். வரி நீங்கலாக மாதச் சந்தா ரூ.400. மொத்த வசூல் ரூ.80,000. அதில் பாதி, அலைவரிசை வழங்கும் நிறுவனத்திற்குச் செல்கிறது என்று கொள்வோம். மீதம் ரூ.40,000. இரண்டு பணியாளர்களின் ஊதியம் ரூ.24,000, மின்சாரம், மின்கலம், கம்ப வாடகை, பழுதுபார்ப்பு ஆகியவை ரூ.6,000. கையில் நிற்பது ரூ.10,000.

வீட்டுக்கு ரூ.2,500 வீதம் கருவிக்கும் கேபிளுக்கும் அவர் 5 லட்ச ரூபாய் கடன் வாங்கியிருந்தால், 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுத் தவணை மாதம் ஏறக்குறைய ரூ.10,900 ஆகும். அதாவது, கடுமையாக உழைத்தும் மாதந்தோறும் தொள்ளாயிரம் ரூபாய் துண்டு விழுகிறது. தமக்கென ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. இன்னும் 40 வீடுகள் சேர்ந்தால் தவணை போக ரூ.7,000-க்கு மேல் மிஞ்சும். மாறாக, அறுவடை பொய்த்த பருவத்தில் 30 வீடுகள் சந்தாவை நிறுத்தினால் தவணையில் பாதியைக்கூடக் கட்ட இயலாது. நாற்பது வீடுகளின் ஏற்ற இறக்கத்தில் ஒரு தொழிலின் வாழ்வும் சாவும் அடங்கியிருக்கின்றன.

மூன்றாவது சிக்கல் நம் துறையைச் சார்ந்தது. ஆகவே அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். வங்கிகள் பிணையைப் பார்த்துக் கடன் கொடுத்துப் பழகியவை. நிலத்தை அடமானம் பெறலாம். நகையை எடை போடலாம். மண்ணுக்குள் புதைந்திருக்கும் கேபிளைத் தோண்டி எடுத்து விற்றால் என்ன கிடைக்கும்? அதன் மதிப்பெல்லாம் அது இயங்கும் வரையில்தான். இக்காரணத்தால் இத்தொழிலுக்கு வங்கிக் கதவு எளிதில் திறப்பதில்லை. தொழில்முனைவோர் அதிக வட்டிக்கு வெளியில் கடன் வாங்குகிறார். மேலே கண்ட கணக்கில் வட்டி இரட்டிப்பானால் என்ன ஆகும் என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

பெரிய நிறுவனங்களின் நிலையும் முழுக்க வசதியானதன்று. சரிக்கட்டிய மொத்த வருவாய் குறித்து உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபரில் அளித்த தீர்ப்பையடுத்து, தொலைத்தொடர்பு நிறுவனங்கள் செலுத்த வேண்டிய நிலுவை சுமார் 1.47 லட்சம் கோடி ரூபாய் என அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இத்தகைய சுமையுள்ள நிறுவனங்கள் வருவாய் குறைந்த கிராமங்களைக் கடைசியில் வைப்பதில் வியப்பில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே, நிறுவனங்களின் வருவாயில் 5 சதவீதத்தைப் பெற்று ஊரகச் சேவைக்குச் செலவிடும் நிதியம் உருவாக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் அதற்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' எனப் பெயர் சூட்டியது.

ஆயின், நிதி இருந்தும் குறை ஏன்? கட்டுமானத்திற்குக் கொடுத்த முக்கியத்துவத்தை நாம் பராமரிப்பிற்குக் கொடுக்கவில்லை. கிணறு வெட்டியவுடன் கடமை முடிந்துவிடாது. தூர் வார வேண்டும், கயிறு மாற்ற வேண்டும். 2023 ஆகஸ்டில் 1.39 லட்சம் கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம் இந்தப் பாடத்தைக் கற்றிருக்கிறது. அமைத்துக் கொடுப்பவரே பத்தாண்டுகள் பராமரிக்க வேண்டும் என்பதும், ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகச் சேவை தொடரும் வகையில் வளைய வடிவில் கேபிள் அமைய வேண்டும் என்பதும் அதன் வரவேற்கத்தக்க கூறுகள்.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 1984-இல் தொடங்கப்பட்ட சி-டாட் அமைப்பு, குளிர்சாதன வசதி இல்லாமலேயே கிராமத்தில் இயங்கக்கூடிய சிறு தொலைபேசி இணைப்பகத்தை வடிவமைத்தது. அத்தகைய முதல் இணைப்பகம் 1986-இல் கர்நாடகத்தின் கித்தூரில் நிறுவப்பட்டது. பின்னர் ஊர்தோறும் மஞ்சள் பலகையுடன் எஸ்.டி.டி. கூண்டுகள் தோன்றின. அவை வெற்றி பெற்றதற்குக் கருவி மட்டும் காரணமன்று. கூண்டை நடத்தியவருக்கு ஒவ்வோர் அழைப்பிலும் ஒரு பங்கு கிடைத்தது. அதைக் கொண்டு அவரால் குடும்பம் நடத்த முடிந்தது. ஆகவே தொலைபேசி பழுதானால் அவரே முதலில் பதறினார்.

கைப்பேசிக் கோபுரமும் செயற்கைக்கோளும் வந்துவிட்ட பிறகு கேபிள் எதற்கு என்று சிலர் கேட்கலாம். கோபுரத்திலிருந்து வெளியேறும் தரவும் இறுதியில் கேபிள் வழியேதான் விரைவாகப் பயணிக்க முடியும். பள்ளிக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கும், கூட்டுறவுச் சங்கத்திற்கும் தேவைப்படும் நிலையான இணைப்பை ஒரு கைப்பேசி தாங்காது.

அவ்வாறெனில் செய்ய வேண்டியவை எவை? முதலாவதாக, ஊராட்சி அலுவலகமும் பள்ளியும் சுகாதார நிலையமும் இணையக் கட்டணத்தை உரிய நாளில் செலுத்த வேண்டும். நிலையான நான்கைந்து வாடிக்கையாளர்கள் இருந்தாலே சிறு தொழில் தள்ளாடாமல் நிற்கும். இரண்டாவதாக, சாலை தோண்டுவோர் கேபிள் உரிமையாளருக்கு முன்கூட்டியே அறிவிப்பதற்காக 2023-இல் ஒரு செயலி தொடங்கப்பட்டுள்ளது. அதைப் பயன்படுத்துவது ஒப்பந்ததாரரின் விருப்பமாக இருத்தலாகாது, கட்டாயமாக வேண்டும்.

மூன்றாவது, வங்கிகள் செய்ய வேண்டியது. மக்களின் வைப்புத்தொகையைக் காக்க வேண்டிய வங்கி கண்ணை மூடிக்கொண்டு கடன் கொடுக்க இயலாது; கொடுக்கவும் கூடாது. ஆனால், கேபிளைவிடச் சிறந்த பிணை ஒன்று இத்தொழிலில் உண்டு. அது மாதந்தோறும் வரும் சந்தா. இன்று அதில் பெரும்பகுதி யுபிஐ வழியே கணக்கில் பதிவாகிறது. இரண்டாண்டு வசூல் பதிவு ஒரு தொழிலின் நாணயத்தைத் தெளிவாகக் காட்டிவிடும். அந்த வரவின் அடிப்படையில் கடனை அளவிடலாம். அறுவடைக் காலத்தையொட்டித் தவணையைக் கூட்டியும் குறைத்தும் அமைக்கலாம். முத்ரா கடனும், குறு, சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாதத் திட்டமும் இதற்குத் துணை நிற்கும்.

தொழில்முனைவோருக்கும் ஒரு வேண்டுகோள். சந்தாவைக் கையில் வாங்கிக் கையில் செலவழிக்கும் பழக்கத்தை விட்டு, ஒவ்வொரு ரூபாயையும் கணக்கின் வழியே செலுத்துங்கள். மின்கலத்தையும் கருவியையும் மாற்றும் நாள் வருமுன்னரே, மாதந்தோறும் சிறு தொகையைத் தொடர் வைப்பில் சேர்த்து வாருங்கள். கணக்கில் தெரியாத வருமானத்திற்கு எந்த வங்கியாலும் கடன் தர முடியாது.

வாடிக்கையாளர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. நியாயமான சந்தாவை உரிய நாளில் செலுத்துவது, நம் ஊர்க்காரர் ஒருவரின் தொழிலைக் காப்பதாகும். அவர் தொழில் நின்றுவிட்டால், அடுத்த முறை கேபிள் அறுபடும்போது அதை ஒட்டவைக்க ஊரில் ஆளிருக்காது; ஓய்வூதியத்திற்காக வந்த முதியவர் மீண்டும் வெறுங்கையுடன் வீடு திரும்புவார்.