தைத்தவள் பெயர் எங்கே?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்)

பழைய சேலைகளை மடித்து அம்மா தைத்த விரிப்பில் படுத்து வளர்ந்தவன் நான். அதை எங்கள் வீட்டில் யாரும் கலை என்று சொன்னதில்லை. ஆகவே, அமெரிக்காவில் பழைய ஒட்டுத்துணிப் போர்வைகளை அருங்காட்சியகச் சுவரில் மாட்டி, ஓவியங்களுக்கு நிகராகப் போற்றுகிறார்கள் என்று படித்தபோது எனக்கு வியப்பு மேலிட்டது.

‘குவில்ட்’ என்பது அப்போர்வையின் பெயர். மேலே துண்டுத் துணிகளை இணைத்த பரப்பு. நடுவே பஞ்சு அல்லது கம்பளி. அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்து நெருக்கமாகத் தையல் ஓட்டுவார்கள். குளிரைத் தாங்குவதற்காகப் பிறந்த பொருள் அது.

1971ஆம் ஆண்டு, ஜொனாதன் ஹோல்ஸ்டீன், கெயில் வான் டர் ஹூஃப் ஆகிய இருவரும் சேகரித்த போர்வைகள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் தொங்கவிடப்பட்டன. அவற்றின் கட்டங்களையும் வண்ணங்களையும் கண்டவர்கள் நவீன ஓவியங்களோடு அவற்றை ஒப்பிட்டனர். படுக்கையில் கிடந்தது சுவரில் ஏறியது, மகிழ்ச்சியே. ஆனால் ஓவியத்தின் கீழே ஓவியன் பெயர் இருக்கும். இப்போர்வைகளில் பெரும்பாலானவற்றைத் தைத்தவர் யார் என்றே தெரியவில்லை! பெண்கள் தெரிந்தேதான் கலை படைத்தார்கள், பலர் தம் பெயரையும் ஆண்டையும் தைத்தும் வைத்தார்கள் என்று 1973இல் பட்ரீசியா மைனார்டி என்ற ஓவியர் வாதிட்டார். அவர் பக்கமே நியாயம் என்பது என் கருத்து.

அழகை ரசிக்கப் பெயர் எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். இரண்டு போர்வைகளின் கதையைச் சொல்கிறேன்.

ஹாரியட் பவர்ஸ் 1837இல் ஜார்ஜியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். விவிலியக் கதைகளைத் துணியில் வெட்டி அவர் தைத்த போர்வை 1886இல் ஒரு பருத்திக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. ஜென்னி ஸ்மித் என்ற ஓவிய ஆசிரியை விலைக்குக் கேட்டார், பவர்ஸ் மறுத்துவிட்டார். சில ஆண்டுகளில் வறுமை நெருக்கவே, ஐந்து டாலருக்குக் கொடுத்தார். விற்ற பின்பும், தம் போர்வையைக் காண மீண்டும் மீண்டும் வந்தாராம்! ஒவ்வொரு கட்டத்துக்கும் அவர் சொன்ன விளக்கத்தை ஆசிரியை எழுதி வைத்தார். இன்று ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் இருக்கும் அப்போர்வை நம்மோடு பேசுவது அந்த எழுத்தால்தான்.

அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், 1942இல் மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலை உடுப்புகளைக் கிழித்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாக அதைப் போர்த்திக்கொள்ள வேண்டும் என்பதே எண்ணம். உடன் இருந்த மகள் பிற்காலத்தில் இதைச் சொன்னார். அவ்வூர்ப் பெண்களின் போர்வைகள் 2002இல் ஹூஸ்டனில் காட்சிக்கு வந்தபோது, தைத்தவர்களின் பெயர்களும் உடன் வந்தன. மிசௌரியின் போர்வை இன்று வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. மகள் சொல்லாதிருந்தால் அது வெறும் வெளுத்த நீலத் துணி அல்லவா?

பழம்பொருள் சேகரிப்போர் விலையையும் வயதையும் மட்டும் குறித்தால் போதாது. யார் தைத்தார், எந்தத் துணியில், யாருக்காக என்பதையும் கேட்டு எழுத வேண்டும். பொருளை மட்டும் காத்து ஆளைத் தொலைப்பது பாதிக் காவலே!

சென்ற விடுமுறையில், விரிப்பின் ஓரத்தில் பெயரைத் தைக்கும்படி அம்மாவிடம் சொன்னேன். “எனக்கு ஏதுடா எழுத்து?” என்று சிரித்தாள். நான் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அதன்மேல் ஊசியை ஓட்டி முடித்தவள், நெடுநேரம் அந்த எழுத்துகளைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.