அழிக்காதீர்கள், சுருக்குங்கள்!



போன வாரம் கணினி அறையில் ஒரு பேச்சு காதில் விழுந்தது. "நம்ம பள்ளி வெப்சைட்ல இடம் தீர்ந்துபோச்சு. பழைய ஆண்டு விழா போட்டோவை எல்லாம் அழிச்சிட வேண்டியதுதான்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2014 ஆண்டு விழாவில் என் அக்கா கரகம் ஆடிய படம் அங்கேதான் இருக்கிறது! அழிக்கும் முன் நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

வெப் ஹோஸ்டிங் என்பது வாடகை வீடு மாதிரி. வேறொருவர் கணினியில் இவ்வளவு இடம் என்று வருட வாடகைக்கு எடுக்கிறோம். வீடு நிரம்பிவிட்டால் துணிமணியைத் தெருவில் எறிவோமா, மடித்து வைப்போமா?

மடித்து வைக்கும் வித்தை பழசுதான். எங்கள் தெரு மளிகைக்கடை அண்ணாச்சி நோட்டில் ஒரே பெயர் மறுபடி வந்தால் "மேற்படி" என்று போடுவார். 1977இல் லெம்பெல், ஸிவ் என்ற இருவர் கணினிக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதுவே: "இத்தனை எழுத்து பின்னால் போ, அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்." அதற்கும் முன்பே, 1951இல், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் "பரீட்சை எழுதுகிறாயா, கட்டுரை தருகிறாயா?" என்று ஆசிரியர் கேட்க, ஹஃப்மன் என்ற மாணவர் கட்டுரையைத் தேர்ந்தெடுத்து இன்னொரு வழி கண்டுபிடித்தார். அடிக்கடி வருவதற்குக் குட்டிக் குறியீடு, எப்போதாவது வருவதற்கு நீளமான குறியீடு. வெங்கடசுப்பிரமணியனை நாம் வெங்கிட்டு என்று கூப்பிடுகிறோமே, அதுபோல! இந்த இரண்டு வழியும் சேர்ந்ததுதான் 1992இல் வந்த ஜிஸிப்.

இதில் தமிழுக்குத் தனி லாபம் உண்டு. இணையப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் போதும். தமிழுக்கு 3 பைட். அதிலும் துணைக்குறி, மெய்ப்புள்ளி எல்லாம் தனிக்கணக்கு. "தமிழ்" என்று எழுத த, ம, இகரக்குறி, ழ, புள்ளி என ஐந்து. ஐமூன்று பதினைந்து பைட்! ஆனால் அந்த மூன்றில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றேதான். இரண்டாவதிலும் இரண்டே வகைதான். அடிக்கடி வருவதற்குத்தானே குட்டிக் குறியீடு? அதனால் தமிழ்ப் பக்கம் நன்றாகவே சுருங்கும். சர்வரில் இந்த வசதியை ஆன் செய்தால், பிரவுசர் தானே விரித்துக் காட்டும். ஒரு புள்ளிகூட மாறாது.

ஆனால் அது பக்கம் சீக்கிரம் வந்து சேரத்தான் உதவும். நம் இடத்தை அடைத்திருப்பது எழுத்து அல்ல, போட்டோ. 4000க்கு 3000 அளவுள்ள படத்தில் 1 கோடியே 20 லட்சம் படப்புள்ளிகள் இருக்கும். அதை 1200க்கு 900 ஆக்கினால் 10 லட்சத்து 80 ஆயிரம். பதினொன்றில் ஒரு பங்குகூட இல்லை! போனில் பார்ப்பதற்கு இது தாராளம்.

"சுருக்கினா முகமெல்லாம் மங்கிடுமே?" என்று ஓர் ஆசிரியர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜேபெக் முறை நம் கண் அவ்வளவாகக் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. விட்டது திரும்பி வராது. அளவுக்கு மிஞ்சினால் படம் கட்டம் கட்டமாகத் தெரியும். ஆகவே மூலப்படங்களைப் பள்ளி ஹார்டு டிஸ்கில் பத்திரப்படுத்திவிட்டு, நகலை மட்டும் சுருக்குவோம். ஜேபெக் படத்தை ஜிஸிப்பில் போட்டும் பயனில்லை. பிழிந்த துணியை மறுபடி பிழிகிற கதைதான்.

இது வெறும் போட்டோ விஷயம் இல்லை, நண்பர்களே. அரையாண்டுத் தேர்வு அட்டவணை அதே பக்கத்தில், படங்களுக்குக் கீழேதான் இருந்தது. என் தோழி அவள் அம்மா போனில் திறந்தாள். "சுத்திக்கிட்டே இருந்துச்சுடி, அன்னைக்கு டேட்டாவே காலி" என்றாள். கடைசியில் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டாள். நாம் சுருக்காமல் விட்ட சுமையை அவள் காசு கொடுத்துச் சுமந்திருக்கிறாள்.

இடம் போதவில்லை என்றால் கூடுதல் வாடகை கொடுக்கலாம். அடுத்த ஆண்டு விழாவோடு அதுவும் நிரம்பிவிடும். அனுமதி தந்தால் கணினி மன்றத்து மாணவிகள் நாங்களே இரண்டு சனிக்கிழமையில் எல்லாப் படத்தையும் சுருக்கித் தருகிறோம். அழித்தால் திரும்பக் கிடைக்குமா? சிந்திப்பீர்!



– 11ஆம் வகுப்பு, கணினி அறிவியல் பிரிவு மாணவி