மலையை வெட்டியா சிலை?

மதுரைக்கு வடகிழக்கே, ஒத்தக்கடையில், சுமார் 3 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு யானை படுத்திருக்கிறது. அதை எந்தச் சர்க்காரும் செய்து வைக்கவில்லை. எந்தச் சீமானும் திறந்து வைக்கவில்லை. கல்லில் யானையைக் கண்டு யானைமலை என்று பெயர் சொன்னவர்கள் சாதாரண ஜனங்கள்.

2010-ல் இந்த மலையில் 'சிற்ப நகரம்' அமைக்கத் திட்டம் கிளம்பியது. நரசிங்கம், ஒத்தக்கடை மக்கள் திரண்டு எதிர்த்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது.

அவர்கள் கலையின் விரோதிகளா? இல்லை. அதே மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. கி.பி. 770-ல் பாண்டியனின் அமைச்சன் மாறன் காரி குடைவித்த நரசிங்கப் பெருமாள் கோயிலும் இருக்கிறது. அமைச்சன் பெயரைக் கல்வெட்டு சொல்கிறது. உளி பிடித்தவன் பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பெயரில்லாத தொழிலாளி பாறையின் ஒரு முகத்தில் கலை செய்தான், மலையை விழுங்கவில்லை.

மலை வெறும் கல்லல்ல. பாறையில் வழியும் மழைநீர்தான் அடிவாரக் கண்மாயை நிரப்புகிறது. கண்மாய் வறண்டால் நடவு இல்லை. நடவு இல்லையேல் விவசாயத் தொழிலாளிக்குக் கூலி இல்லை.

மேலூர் வட்டாரத்தில் கிரானைட் முதலாளிகள் குன்றுகளை அறுத்துத் தின்றதை நாடறியும். அரிட்டாபட்டி, மீனாட்சிபுரத்தில் 193 ஹெக்டேர் 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் 2024-ல் அதையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்திற்கு மத்திய சர்க்கார் ஏலம் விட்டது! விவசாயிகள் மேலூரிலிருந்து மதுரைக்குப் படையெடுத்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தாயிற்று. தந்தவர் எவருமில்லை, போராடிப் பெற்றது அது.

சிலை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. சென்னைக் கடற்கரையில் 1959-ல் நிறுவப்பட்ட, ராய் சவுத்ரியின் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். நான்கு பேர் பாறையைப் பெயர்க்கிறார்கள். அதற்காக எந்த மலையும் அழியவில்லை. மதுரை ஆலைத் தொழிலாளிக்கும் அப்படியொரு சிலை எழட்டும், வரவேற்போம்.

ஆனால் நமது கோரிக்கை தெளிவானது: மதுரை வட்டாரத்தின் மலைகள் அனைத்தும் சட்டப்படி பாதுகாக்கப்பட வேண்டும். கிராம சபையின் சம்மதமின்றி எந்த மலையிலும் உளியோ வெடியோ படக் கூடாது.

ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் ஒன்றாக நின்றால், யானையை அசைக்க எவராலும் முடியாது!