108 தேங்காயும் 44 லட்சம் ஓட்டும்

அமெரிக்காவில் சர்க்கார் தரப்பில் கோர்ட்டில் வாதாடும் தலைமை வக்கீலை 43 மாகாணங்களில் ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தெரிந்தெடுக்கிறார்கள். நமது நாட்டிலோ அட்வகேட் ஜெனரல் என்னும் அந்த உத்தியோகஸ்தரை, அரசியல் சட்டம் 165-வது பிரிவின்படி கவர்னர் நியமிக்கிறார். பணம் நம்முடையது, ஆனால் நம்மை ஒரு வார்த்தை கேட்பாரில்லை. அது நிற்க. ஜனங்களுக்கு ஓட்டு இருக்கும் இடத்திலும் அந்த ஓட்டின் பெருமையை வேறொருவர் தட்டிக்கொண்டு போகும் விந்தையைக் கேளுங்கள்.

2010-ம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி கலிபோர்னியா மாகாணத்தில் இந்த உத்தியோகத்திற்குத் தேர்தல் நடந்தது. போட்டியிட்டவர்களில் ஒருவர் கமலா ஹாரிஸ் அம்மையார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் நமது திருவாரூர் ஜில்லா துளசேந்திரபுரத்துக்காரர். அம்மையார் சென்னையிலுள்ள தம் சித்தியிடம் கோயிலில் தேங்காய் உடைக்கச் சொன்னாராம். சித்தியும் 108 தேங்காய் உடைக்க ஏற்பாடு செய்தாராம். எதிரி ஸ்டீவ் கூலி என்பவர் தேர்தலன்று இரவே தாம் ஜெயித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டார். ஆனால் தபாலில் வந்தவை உள்பட ஓட்டுகளை வாரக்கணக்கில் எண்ணி முடித்தபோது அம்மையாருக்கு 44,42,781, கூலிக்கு 43,68,624. வித்தியாசம் 74,157.

"பார்த்தீர்களா, தேங்காயின் மகிமையை!" என்பார் ஆஸ்திகர். சரி, கணக்குப் பார்ப்போம். தேங்காய் ஒன்றுக்குச் சுமார் 686 ஓட்டு விழுகிறது. அப்படியானால் மேடை எதற்கு? பிரசாரம் எதற்கு? ஒரு வண்டித் தேங்காய் போதாதா? எதிரிக்கு விழுந்த 43 லட்சம் ஓட்டு எந்தத் தேங்காயிலிருந்து வந்தது? அதே அம்மையார் 2024-ல் ஜனாதிபதி பதவிக்கு நின்றபோது துளசேந்திரபுரத்துக் கோயிலில் விசேஷ பூஜையே நடந்தது. ஜெயித்தவரோ டிரம்ப்! ஜெயித்தால் சாமி, தோற்றால் ஓட்டரா? இது என்ன நியாயம்?

நம் காரைக்குடிப் பக்கத்தாருக்கு இது புரியாத விஷயமல்ல. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய் லேவாதேவி நடத்திய நகரத்தார்கள் கணக்கின் தலையில் பிள்ளையார் சுழி போடாமலில்லை. ஆனால் சுழியை வரவில் எழுதினார்களா? கூட்டலில் ஓரணா தப்பினால் "பிள்ளையார் பார்த்துக்கொள்வார்" என்று கணக்குப்பிள்ளையைச் சும்மா விட்டார்களா? வட்டிக்கணக்கில் அவ்வளவு உஷாராயிருக்கும் ஜனங்கள், ஓட்டுக்கணக்கில் மட்டும் ஏன் ஏமாற வேண்டும்?

தேங்காய் உடைந்து வீணாவதற்காக மட்டும் நாம் இதை எழுதவில்லை. எவன் தன் வெற்றிக்குத் தேங்காய்தான் காரணம் என்று நம்புகிறானோ, அவன் ஓட்டருக்குப் பதில் சொல்ல வேண்டியவனாக இருக்க மாட்டான். "ஆண்டவன் கொடுத்த பதவி" என்று பேசுகிறவனை ரோட்டைப் பற்றியும் கண்மாயைப் பற்றியும் எப்படிக் கேட்பது? ஓட்டரும், "எல்லாம் அவன் செயல்" என்று வாயை மூடிக்கொள்வான். இதுவே உண்மையான நஷ்டம்.

ஆகையால் தோழர்களே! இனி எந்த அபேட்சகராவது பிள்ளையார்பட்டியில் தேங்காய் உடைத்துவிட்டு உங்கள் வாசலுக்கு வந்தால், "ஐயா, உம்மை ஜெயிக்க வைப்பது அந்தத் தேங்காயா, எங்கள் ஓட்டா?" என்று கேளுங்கள். "தேங்காய்தான்" என்றால், அதனிடமே ஓட்டும் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். "ஓட்டுதான்" என்றால், ஐந்து வருஷமும் நம்மிடமே கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.