தடுப்பது இலகு, கூடப் போவதுதான் பொறுப்பு



எங்கள் பக்கத்து இளைஞர்கள் சனி, ஞாயிறு நாட்களில் கூட்டாகச் சேர்ந்து சைக்கிளில் தூரப் பயணம் போவதும், பாறை ஏறுவதும் இப்போது ஊரில் பெரிய கதையாகிவிட்டது. "இதைப் பள்ளி நிர்வாகம் தலையிட்டு நிறுத்த வேண்டும்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் குரல் பதிவு போடும் அளவுக்கு வந்துவிட்டது. படிக்கிற வயதில் என்ன ஊர் சுற்றல் என்கிறார்கள் சிலர். விழுந்து கை கால் முறிந்தால் யார் பொறுப்பு என்கிறார்கள் வேறு சிலர். சமூகத்துக்கு இன்னொரு பிரச்சினையைக் கொண்டு வரப் போகிறார்கள் என்பது மூன்றாவது கதை.

நானும் நண்பர்களோடு இப்படிப் போகிறவன். அதே பிள்ளைகளுக்குக் கிழமை நாட்களில் படிப்பிக்கிறவனும் நான்தான். அதனால் இரண்டு பக்கமும் நின்று எழுதுகிறேன். நிதானமாக வாசியுங்கள்.

மூன்றாவது கதையை முதலில் எடுக்கிறேன். ஏனென்றால் அந்தப் பயம்தான் உண்மையான பயம். 2019 ஜனவரியில் நடந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஹொரவபொத்தானைப் பக்கம் கிரலாகல தூபியின் மேல் ஏறி எடுத்த படங்கள் முகநூலில் வந்து, தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் கைதானார்கள். விளக்கமறியலில் இருந்து, ஆளுக்கு 50,000 ரூபா தண்டம் கட்டித்தான் வெளியே வந்தார்கள். அதற்கு மூன்று மாதங்களில் ஈஸ்டர் தாக்குதல். அதன் பின் எமது பிள்ளைகள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போனாலே சந்தேகத்தோடு பார்க்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. உம்மாமார் இன்றும் பயப்படுவதில் பிழை இல்லை.

ஆனால் அந்தச் சம்பவத்திலிருந்து நாம் என்ன படித்தோம்? "பாறைப் பக்கம் போகாதே" என்பதை மட்டும்தான் படித்தோம். படிக்க வேண்டியது வேறு. எது வெறும் பாறை, எது தொல்பொருள் இடம் என்று பார்த்து அறியும் அறிவை எமது பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கவே இல்லை.

நாம் வாழும் மாவட்டத்தை யோசித்துப் பாருங்கள். அம்பாறையில் ராஜகல, பாணமைக்கு அப்பால் குடும்பிகல, எல்லை தாண்டினால் சியம்பலாண்டுவைப் பக்கம் கோவிந்தஹெல. இவை எல்லாம் ஏறத் தூண்டும் பாறைகள். இவை எல்லாம் வரலாற்று இடங்களும்கூட. ராஜகலவில் மஹிந்த தேரரின் பெயர் வரும் பழைய பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் எமது பிள்ளைகள் மனனம் செய்கிற அதே மஹிந்த தேரர்தான். சோதனைக்கு எழுதிவிட்டு வருகிற பிள்ளைக்கு, அந்தப் பெயர் வெட்டப்பட்ட கல் தன் மாவட்டத்திலேயே இருப்பது தெரியாது.

எல்லா இடத்திலும் பலகை இருக்காது. ஆகவே இந்த அடையாளங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். குகை வாசலுக்கு மேலே, மழைத்தண்ணீர் உள்ளே வடியாமல் பாறையில் ஒரு விளிம்பு வெட்டியிருந்தால் அது பழைய காலத்தில் பிக்குமார் தங்கிய குகை. பாறையில் செதுக்கிய படிகள், வரிசையாகக் குழிகள், உடைந்த செங்கல் மேடு, நட்ட கல் தூண்கள், எழுத்துகள் கண்டாலும் அப்படித்தான். அங்கே ஏறக் கூடாது, கிறுக்கக் கூடாது, கால் போட்டு உட்கார்ந்து படம் எடுக்கக் கூடாது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் விளையாட்டு அல்ல. சட்டத்தை விடுங்கள், எமது பள்ளி மிஹ்ராபுக்கு முன்னால் ஒருவர் செருப்போடு ஏறி நின்று செல்பி எடுத்தால் எமக்கு எப்படி இருக்கும்? அந்த ஒரு கேள்வி போதும்.

இனி இரண்டாவது கதை, ஆபத்து. ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. மாரி மழைக்குப் பின் பாறையில் பாசி பிடித்துவிடும், கால் நிற்காது. நடுப்பகலில் கல் சுடும். குளவிக் கூடு இருக்கும். ஏறுவதை விட இறங்குவது கஷ்டம் என்பது மேலே போன பிறகுதான் பலருக்கு விளங்கும். லாகுகலைப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும். இவ்வளவும் உண்மை. ஆனால் தடுத்தால் பிள்ளை வீட்டில் குர்ஆனோடும் புத்தகத்தோடும் இருப்பான் என்று நினைக்கிறீர்களா? "டியூசனுக்குப் போறன் வாப்பா" என்று சொல்லிவிட்டு ஒரு மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக, ஹெல்மெட் இல்லாமல், யாருக்கும் சொல்லாமல் போவான். கடலில் குளிப்பான். ஏதும் நடந்தால் எங்கே தேடுவது என்றுகூடத் தெரியாது. சொல்லிவிட்டுப் போகிற பிள்ளை பாதுகாப்பா, ஒளித்துப் போகிற பிள்ளை பாதுகாப்பா?

படிப்புக் கெடும் என்பது முதலாவது கதை. ஆறாம் வகுப்பிலிருந்து சனியும் ஞாயிறும் டியூசன் என்று நாம் பழக்கி வைத்திருக்கிறோம். உடம்பை அசைக்காமல் வளர்த்துவிட்டு, நாற்பது வயதில் சீனி வருத்தம், பிரஷர் என்று கிளினிக் வரிசையில் நிற்கிறோம். 2022இல் பெற்றோல் இல்லாத மாதங்களில், கியூஆர் வருவதற்கு முன்னும் பின்னும், நாங்கள் எத்தனை ஆசிரியர்கள் சைக்கிளில் பாடசாலைக்குப் போனோம்! அப்போது யாரும் அதைக் குறைவாகப் பேசவில்லை. பெற்றோல் வந்ததும் சைக்கிள் மீண்டும் வசதி இல்லாதவனின் வாகனமாகிவிட்டது.

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலுக்குச் சுமார் 45 கிலோமீற்றர். தம்பிலுவில், திருக்கோவில், கோமாரி என்று தமிழ்க் கிராமங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். பஸ்ஸில் போனால் அவை யன்னலுக்கு வெளியே ஓடிப்போகும் ஊர்கள். சைக்கிளில் போனால் டியூப் வெடித்து நிற்கிற இடத்தில் காற்றடிக்கும் பம் கொடுப்பவர் ஒரு தமிழ் அண்ணன், தண்ணீர் தருவது ஒரு அக்கா. யுத்த காலத்துக்குப் பின் பிறந்த எமது பிள்ளைகளுக்குப் பக்கத்து ஊர் மனிதரோடு பேச வேறு எந்தச் சந்தர்ப்பத்தைக் கொடுத்திருக்கிறோம்? களைத்துப் பின்னால் வருகிற நண்பனுக்காக எல்லோரும் வேகத்தைக் குறைப்பதை வகுப்பறையில் பாடமாக எடுக்க முடியாது. ரோட்டில் தானாக நடக்கும்.

மார்க்கத்தைக் காட்டித் தடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரழி) அவர்களோடு ஓட்டப் போட்டி வைத்த ஹதீஸ் எமது மௌலவிமார் அறியாததல்ல. தொழுகை தவறினால் கண்டியுங்கள், உடை சரியில்லை என்றால் திருத்துங்கள். சுபஹுக்குப் பின் புறப்பட்டு, பொத்துவிலில் ளுஹரை ஜமாஅத்தோடு தொழும் பயணத்தில் என்ன குறை? அந்த ஹதீஸை வைத்தே இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது: பெண் பிள்ளைகளுக்கு என்ன வைத்திருக்கிறோம்? ஆண் பிள்ளைக்காவது ஒளித்துப் போக ஒரு ரோடு இருக்கிறது. வாப்பா, உம்மா, நானா, தங்கச்சி என்று குடும்பமாக ஒரு ஞாயிறு காலையில் சைக்கிள் ஓடுவதற்கு வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஆகவே தடை கேட்பவர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஒவ்வொரு குழுவோடும் பெரியவர் இருவர் போகட்டும். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலும் பள்ளி நிர்வாகத்தில் ஒருவரிடமும் சொல்லிவிட்டுப் போகட்டும். ஹெல்மெட் இல்லாதவர் வர வேண்டாம். ரோட்டில் ஒருவர் பின் ஒருவராக ஓட வேண்டும். மழை பெய்தால் பாறை ஏறக் கூடாது. போகிற இடம் தொல்பொருள் திணைக்களத்துடையதா, வனஜீவராசிகள் திணைக்களத்துடையதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். மஃரிபுக்கு முன் ஊர் திரும்ப வேண்டும். பாடசாலையில் சாரணர் குழு இருந்தால் அதையே உயிர்ப்பித்து இதைச் செய்யலாம், புதிதாகச் சங்கம் தேவையில்லை.

தடை போடுவதற்கு ஒரு குரல் பதிவு போதும். கூடப் போவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்க வேண்டும். எமது பிள்ளைகளுக்காக அந்த ஞாயிற்றுக்கிழமையை யார் கொடுப்பது என்பதுதான் ஊர் பேச வேண்டிய விடயம். வர விரும்பும் வாப்பாமார் கீழே எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் எழுதுங்கள், பேசுவோம்.