ஹீரோவுக்கு மட்டும்தானா கவசம்?

அறிவியல் புனைகதைகளில் கவசத்துக்குப் பஞ்சமே இல்லை. பிளாக் பாந்தருக்கு வைப்ரேனியம், மாண்டலோரியனுக்கு பெஸ்கார், சினிமா அயர்ன் மேனுக்குத் தங்கமும் டைட்டானியமும் கலந்த உலோகம். எல்லாமே ஒருவரோ சிலரோ மட்டும் அணிபவை. பக்கத்தில் நின்று சண்டை போடும் சாதாரணச் சிப்பாய் என்ன உடுத்தியிருக்கிறான், அது என்ன விலை என்று பெரும்பாலான கதைகள் கேட்பதில்லை. கேட்டால் கதை இன்னும் நன்றாக இருக்கும்.

நிஜ உலகம் திணறியதே இந்தக் கேள்வியில்தான். டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் 1965-ல் கண்டுபிடித்த இழையிலிருந்து வந்தது கெவ்லார். எடைக்கு எடை எஃகைவிட ஐந்து மடங்கு வலிமை. 1970-களில் அது போலீசார் சட்டைக்குள் அணியும் கவசமானது. ஆனால் அது கைத்துப்பாக்கிக் குண்டைத்தான் தாங்கும். ரைபிள் குண்டுக்கு போரான் கார்பைடு போன்ற பீங்கான் தகடு வேண்டும். பீங்கான் குண்டின் முனையை நொறுக்கும். பின்னால் உள்ள இழை சிதறலைப் பிடித்துக்கொள்ளும். இந்தத் தகட்டைச் செய்ய சுமார் 2000 டிகிரி செல்சியஸ் சூடும் பெரும் அழுத்தமும் தேவை. அதாவது, செலவு மூலப்பொருளோடு முடிவதில்லை, உலையிலும் இருக்கிறது. 2003-ல் இராக்குக்குப் போன அமெரிக்க ராணுவமே எல்லோருக்கும் தகடு கொடுக்க முடியாமல் திண்டாடியது. சில சிப்பாய்களின் குடும்பங்கள் சொந்தக் காசில் கவசம் வாங்கி அனுப்பின.

சரி, புதிய பொருள் ஒன்று வந்தால் எல்லாம் தீர்ந்துவிடுமா? ஸைலான் என்ற இழை வந்தது. கெவ்லாரைவிட வலிமையானது, கவசத்தை இன்னும் இலேசாக்கியது. ஆனால் ஈரப்பதம் பட்டுப் பட்டு வலுவிழந்தது. 2003-ல் அமெரிக்காவில் ஒரு போலீஸ் அதிகாரியின் ஸைலான் கவசத்தைக் குண்டு துளைத்து அவர் காயமடைந்தார். 2005-ல் அந்நாட்டின் தேசிய நீதி நிறுவனம் ஸைலான் கவசங்களுக்கான அங்கீகாரத்தை விலக்கிக்கொண்டது. பரிசோதனைச்சாலையில் ஜெயிப்பது வேறு, வியர்வையிலும் மழையிலும் ஐந்து வருடம் தாங்குவது வேறு.

ஆகவே, கதையில் மலிவான கவசத்தை வடிவமைக்க விரும்புகிறவர் அதிசய உலோகத்தைத் தேட வேண்டியதில்லை. இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் விலை உயர்ந்த தகடு மூடட்டும். மற்ற இடங்களுக்குச் சிதறலைத் தடுக்கும் துணி போதும். உடைந்த தகட்டை மட்டும் கழற்றி மாற்ற முடியட்டும். கிராபீனோ சிலந்தி நூலோ, எதை எடுத்தாலும் அதை டன் கணக்கில் செய்யும் ஆலை எந்தக் கிரகத்தில் இருக்கிறது என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ராபர்ட் ஹைன்லைன் 1959-லேயே 'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' நாவலில் காலாட்படை வீரன் ஒவ்வொருவனுக்கும் இயந்திரக் கவசம் கொடுத்தார். அதனாலேயே அங்கே போர்முறையே மாறிப்போகிறது.

கதையில் கணக்குப்பிள்ளை வேலை எதற்கு என்று சிலர் கேட்கலாம். பத்துச் சிப்பாய்களுக்கு நான்கு தகடுகள்தான் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டால், யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வேண்டிய தளபதியிடம் ஒரு கதை இருக்கிறது. எதுவும் துளைக்காத கவசம் போட்ட ஹீரோவிடம் அது இல்லை.