இருதயப் பரிசோதனை: எது முதலில்?

கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் இளவயதினர் உட்படப் பலர் அடுத்தடுத்து மாரடைப்பால் இறந்ததாக 2025 ஜூன், ஜூலை மாதங்களில் வந்த செய்திகள் மாநிலத்தையே கலக்கின. மைசூரிலும் பெங்களூரிலும் உள்ள ஜெயதேவா இருதய மருத்துவமனைகளில் பரிசோதனைக்காக மக்கள் விடியற்காலையிலிருந்தே வரிசையில் நின்றனர். மாநில அரசு நிபுணர் குழுவை அமைத்து ஆராய்ந்தது. மரணங்கள் வழக்கத்துக்கு மீறிப் பெருகவில்லை என்று குழு அறிவித்தது. பீதி ஒருவாறு தணிந்தது. எனினும், இத்தகைய பீதி எழும்போதெல்லாம் சாமானிய மனிதன் தன் பணத்தை எந்தப் பரிசோதனைக்குச் செலவிடுகிறான் என்பது சிந்திக்க வேண்டிய விஷயம்.

தனியார் லாபரேட்டரிகள் விளம்பரம் செய்யும் 'முழு உடல் பரிசோதனை'கள் பலவற்றில் இப்போது 'எச்.எஸ்.சி.ஆர்.பி.' என்ற ரத்தப் பரிசோதனையும் இடம் பெறுகிறது. சி.ஆர்.பி. என்பது கல்லீரல் சுரக்கும் ஒரு புரதம். 1930ல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்தில் டில்லெட், பிரான்சிஸ் என்ற இரு டாக்டர்கள் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்தனர். உடலில் எங்கேனும் கிருமி தாக்கினாலும், காயம் பட்டாலும், அழற்சி ஏற்பட்டாலும் இதன் அளவு உயரும்.

இதற்கும் இருதயத்துக்கும் சம்பந்தம் உண்டா? நிச்சயமாக உண்டு. ரத்தக் குழாயில் கொழுப்பு படிவது, தண்ணீர்க் குழாயில் உப்பு படிவது போன்றதன்று. அந்தப் படிவுக்குள் அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது. ஒரு நாள் படிவு வெடித்து, அங்கே ரத்தம் உறைந்து அடைக்கும்போதுதான் மாரடைப்பு வருகிறது. ஆரோக்கியமாக இருந்த அமெரிக்க ஆண் டாக்டர்களின் ரத்தத்தைப் பல ஆண்டுகள் சேமித்து வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1997ல் வெளியாயிற்று. சி.ஆர்.பி. மிகக் குறைவாக இருந்த கால் பங்கினரைவிட, மிக அதிகமாக இருந்த கால் பங்கினருக்கு மாரடைப்பு அபாயம் சுமார் மூன்று மடங்கு என்று அது காட்டியது. 2025ல் அமெரிக்க இருதய டாக்டர்களின் சங்கமே இப்பரிசோதனையை எல்லோருக்கும் செய்யலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது. ஆகவே இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

ஆனால் நம் நாட்டு நிலைமையை மறக்கலாகாது. நெருப்பில்லாமல் புகையாது; எந்த அடுப்பின் புகை என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. ஈறு வீக்கம், ஜலதோஷம், டெங்கு, டைபாய்டு, மூட்டுவாதம், ஆறாத கால் புண், தொந்தி ஆகிய எல்லாமே சி.ஆர்.பி.யை உயர்த்தும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் அபாயம் குறைவு, 3க்கு மேல் என்றால் அதிகம் என்பது பொதுக் கணக்கு. 10ஐத் தாண்டினால் முதலில் வேறு நோய் இருக்கிறதா என்று தேட வேண்டும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்ட மறுநாள் ரத்தம் கொடுத்துவிட்டு, சீட்டில் சிவப்பு எழுத்தைக் கண்டு உறக்கம் கெடுவானேன்?

சீட்டிலேயே வேறொரு குழப்பமும் உண்டு. சில இடங்களில் லிட்டர் கணக்கிலும், சில இடங்களில் டெசிலிட்டர் கணக்கிலும் அச்சிடுகிறார்கள். லிட்டருக்கு 3 என்பதும் டெசிலிட்டருக்கு 0.3 என்பதும் ஒன்றே. இதை அறியாதவர் வீணாகப் பயப்படவோ, வீணாக நிம்மதி அடையவோ கூடும்.

இந்தப் புரதத்தைக் குறைப்பதாகச் சொல்லி விற்கப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பிப் பயனில்லை. பிறவியிலேயே மரபணு காரணமாக சி.ஆர்.பி. கூடுதலாக உள்ளவர்களுக்கு அதனால் மட்டும் இருதய நோய் அதிகரிப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. புரதம் அடையாளமே தவிர, குற்றவாளியன்று. அழற்சியைத் தணிக்கும் கானகினுமாப் மருந்து மாரடைப்பு, பக்கவாதம் முதலியவற்றை 15 சதவீதம் குறைத்ததாக 2017ல் தெரிந்தது. ஆனால் அதைப் பெற்றவர்களிடையே தொற்றுநோய் மரணங்கள் கூடின. விலையோ எட்டாத உயரம்.

சரி, முதலில் பார்க்க வேண்டியது எது? 52 நாடுகளில் நடந்து 2004ல் வெளியான 'இன்டர்ஹார்ட்' ஆய்வு விடை கூறுகிறது. புகை பிடித்தல், கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை வியாதி, தொந்தி, மன உளைச்சல் முதலிய ஒன்பது காரணங்களே மாரடைப்பு அபாயத்தில் சுமார் 90 சதவீதத்துக்குப் பொறுப்பு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது. மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59 வயதில். ஆறு ஆண்டு முந்துகிறோம். முந்துவதற்குக் காரணங்களும் பெரும்பாலும் இவையே.

30 வயதைக் கடந்தவர்களுக்கு ரத்தக் கொதிப்பு, சர்க்கரைப் பரிசோதனைகளை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்கள் இலவசமாகச் செய்கின்றன. பெங்களூரில் 'நம்ம கிளினிக்'குகள் இருக்கின்றன. ஆனால் கட்டட வேலைக்கும் ஓட்டுநர் வேலைக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் நம்மவர்களில் எத்தனை பேர் அங்கே போகிறார்கள்? கொதிப்பு மாத்திரையை ஊருக்குப் போன இடத்தில் நிறுத்தியவர், திரும்பி வந்தும் தொடர்வதில்லை. அவருக்குத் தேவை அந்த மாத்திரை, சி.ஆர்.பி. சீட்டு அன்று. அது நல்ல எண்ணைக் காட்டினால் பீடியை விடாமலிருக்க அதுவே சாக்காகிவிடும்.

மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று டாக்டர் தயங்கும் இடத்தில் இந்தப் பரிசோதனை கைகொடுக்கும். அங்கே அதற்கு இடமளிப்போம். லாபரேட்டரிகள் அளவுக் கணக்கை ஒரே முறையில் அச்சிடவும், முடிவின் பொருளை மக்கள் மொழியில் விளக்கவும் அரசு கட்டாயப்படுத்த வேண்டும். தொழிற்சாலைகளும் கம்பெனிகளும் ஆண்டுக்கொரு முறை ரத்தம் எடுப்பதோடு கடமை முடிந்ததாகக் கருதாமல், கொதிப்பும் சர்க்கரையும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று தொடர்ந்து கவனிக்க வேண்டும். வாசகர்களும் அடுத்த விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டுமுன், வீட்டில் 30 வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளட்டும்.